யார் சோதித்தார், எப்போது சோதித்தார்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவரின் முன்னுள்ள சான்றிதழ் வழிகள் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு: திருத்திய அச்சு வடிவம்



குழந்தை மருத்துவக் கல்வி பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தவர்கள், பொருளை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். இந்த அவையில் இருக்கும் மாணவர்களில் சிலர் அமெரிக்க உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அமெரிக்காவில் பணிபுரியும் என்னைப் போன்றவர்களுக்கு உங்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. அங்கே குழந்தை மருத்துவருக்குப் போர்டு சான்றிதழ் தரும் அமைப்பு ஒன்றுக்கு மேல் இருக்கிறதே, எதை எடுப்பது? எது செலவு குறைந்தது, எதை மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும், எதில் தொல்லை குறைவு என்று கேட்கிறீர்கள். கடன் வாங்கிப் படிக்கப் போகிறவர் இப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தச் சான்றிதழை வைத்திருப்பவரின் அறிவை அவரல்லாத ஒருவர் சோதித்துப் பார்த்தாரா? பார்த்தார் என்றால், கடைசியாக எப்போது? இந்தக் கேள்விக்கு எந்த வழி நேராகப் பதில் சொல்கிறதோ அதையே தேர்ந்துகொள்ளுங்கள் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. அதற்கான காரணங்களை வரிசையாக வைக்கிறேன். மேடையில் சொன்ன கிளைக்கதைகளை அச்சில் குறைத்திருக்கிறேன்.

1. அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க உரிமம் தருவது அந்தந்த மாநிலத்தின் மருத்துவ வாரியம். அந்த உரிமம் பொதுவானது. குழந்தை மருத்துவருக்கு ஒன்று, எலும்பு மருத்துவருக்கு ஒன்று என்று தனித்தனி உரிமம் கிடையாது. உரிமம் பெற்ற ஒருவர் தம் கிளினிக்கில் குழந்தைகளைப் பார்க்க முடிவு செய்தால் உரிமச் சட்டம் அவரைத் தடுப்பதில்லை. அவர் குழந்தை மருத்துவத்தில் முறையாகப் பயின்றவரா, பயின்றது நெஞ்சில் நின்றதா என்பது உரிமத்தைப் பார்த்தால் தெரியாது.

அதைத் தெரிவிப்பதற்காக மருத்துவர்கள் தாங்களே கூடி ஏற்படுத்திக்கொண்டவைதான் சிறப்புத்துறைப் போர்டுகள். அரசுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கண் மருத்துவர்கள் 1916இல் வழி காட்டினார்கள். குழந்தை மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 1930இல் பிறந்தது. மூன்றாண்டு கழித்து, 1933இல், சான்றளிப்பதற்கென்றே அமெரிக்கன் போர்டு ஆஃப் பீடியாட்ரிக்ஸ் அமைந்தது. இனி இதை ஏ.பி.பி. என்று சொல்கிறேன். வட கரோலினாவின் சாப்பல் ஹில் ஊரில் இயங்குகிறது. இதைப் போன்ற 24 போர்டுகளுக்குக் குடையாக ஏ.பி.எம்.எஸ். என்ற பேரவை இருக்கிறது. ஆஸ்டியோபதி மரபில் டி.ஓ. பட்டம் பெற்றவர்களுக்குத் தனியாக 1940இல் ஒரு குழந்தை மருத்துவப் போர்டு ஏற்பட்டது.

சான்றிதழ் பெறுவது விருப்பத்தைப் பொறுத்தது என்பதே சட்டநிலை. நடைமுறை மெல்ல மெல்ல வேறாகிவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கேரி ஃபிரீட் தம் குழுவினரோடு 2006இல் ஜாமா இதழில் வெளியிட்ட ஆய்வுகளைப் பார்த்தால், குழந்தை மருத்துவரை வேலையில் சேர்க்கும்போதே சான்றிதழ் இருந்தாக வேண்டும் என்று பல மருத்துவமனைகள் அன்று கேட்கவில்லை என்பது தெரியும். பிறகு வந்த ஆய்வு, கேட்கும் மருத்துவமனைகள் பெருகியதைக் காட்டியது. இன்று போர்டு சான்றிதழ் இல்லாமல் நல்ல மருத்துவமனையில் நுழைவது கடினம். காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலில் இடம்பெறுவதும் பல ஊர்களில் கடினம்.

மருத்துவர்களுக்கு இது தொல்லையாகத் தோன்றலாம். இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வரும் தாயை நினைத்துப் பாருங்கள். எதிரில் நிற்பவரை எடைபோட அவளிடம் எந்தக் கருவியும் இல்லை. தெரிந்தவர்களை விசாரிக்க நேரமும் இல்லை. அவளுக்குப் பதிலாக முன்னமே ஒருவர் விசாரித்து வைத்திருக்க வேண்டும். போர்டு என்பதன் ஒரே நியாயம் இதுதான். எந்த வழியை ஆராய்ந்தாலும் அந்தத் தாயின் இடத்தில் நின்றே ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன்.

2. தொழிலில் நுழையும்போது உண்மையில் எத்தனை வாசல்கள்? பலர் மூன்று என்று நினைக்கிறார்கள். இரண்டுதான்.

ஏ.பி.பி. சான்றிதழுக்கு, பயிற்சி இடங்களை மதிப்பிடும் ஏ.சி.ஜி.எம்.இ. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் ரெசிடென்சி என்னும் மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சி முடித்து, உரிமமும் பெற்று, தேர்வில் வெல்ல வேண்டும். ரெசிடென்சி முடித்த ஏழாண்டுக்குள் வெல்லாவிட்டால், மேலும் ஒரு காலம் மேற்பார்வையில் பணியாற்றிய பிறகே மறுபடி எழுத விடுவார்கள். ஆஸ்டியோபதிப் போர்டின் வாசலும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான். 2020 ஜூலையோடு இரு மரபினரின் ரெசிடென்சிகளும் ஒரே அங்கீகார முறைக்குள் வந்துவிட்டன. டி.ஓ. பட்டதாரி இரண்டில் ஒன்றை எழுதலாம், இரண்டையும் எழுதலாம். பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஒரே பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். எந்தப் போர்டை எழுதினாலும் வெளியாள் ஒருவர் வினா கேட்கிறார், மருத்துவர் பதில் சொல்கிறார். நம் அளவுகோலின்படி இரண்டும் தேறுகின்றன. வேலை தேடும் இடத்தில் எதற்கு மதிப்பு என்பது மட்டுமே மிச்சம். டி.ஓ. படித்தவர்கள் அதை விசாரித்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

மூன்றாவதாகச் சொல்லப்படும் நேஷனல் போர்டு ஆஃப் பிசிசியன்ஸ் அண்ட் சர்ஜன்ஸ், சுருக்கமாக என்.பி.பி.ஏ.எஸ்., முதல் சான்றிதழ் தருவதே இல்லை. மேற்சொன்ன மரபுகளின் போர்டு ஒன்றில் முன்பே சான்று பெற்றவர்தான் அங்கே விண்ணப்பிக்க முடியும். ‘ஏ.பி.பி. தேர்வு கடினம், அதனால் அந்தப் பக்கம் போகலாம்’ என்று இங்கே இருந்துகொண்டு திட்டமிடுவோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் படித்தவர்களுக்கு இன்னொரு செய்தி. சென்னையிலோ மதுரையிலோ எம்.டி. குழந்தை மருத்துவம் முடித்துச் சில ஆண்டு பச்சிளங்குழந்தைப் பிரிவில் உழைத்தவரும், அங்கே போனால் ரெசிடென்சியில் சேர்ந்தாக வேண்டும். வெளிநாட்டில் குழந்தை மருத்துவப் பயிற்சியை முழுமையாக முடித்தவருக்கு, ரெசிடென்சி இயக்குநர் கேட்டுக்கொண்டால், ஓராண்டு வரை போர்டு விட்டுக்கொடுக்கலாம். அவ்வளவுதான். முப்பத்தைந்து வயதில் மறுபடி இன்டர்ன் என்ற பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது எவ்வளவு வலிக்கும் என்பதை அறிவேன்.

இந்த வலியைத் தவிர்க்கும் வழி போல ஒன்று அண்மையில் திறந்திருக்கிறது. 2023இல் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. வெளிநாட்டில் பயிற்சி முடித்த மருத்துவர், அமெரிக்க ரெசிடென்சி இல்லாமலே, சில நிபந்தனைகளோடு தற்காலிக உரிமம் பெறலாம் என்பது அதன் சாரம். வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. மருத்துவர் இல்லாத கிராமப்புறங்களை எண்ணி இயற்றிய சட்டங்கள் இவை, நோக்கத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த உரிமம் கையில் வந்தாலும் ஏ.பி.பி. வாசல் திறக்காது, அதற்கு ரெசிடென்சி வேண்டும். சில ஆண்டு கழித்து ஊர் மாறவோ பெரிய மருத்துவமனைக்குப் போகவோ நினைக்கும்போதுதான் இது உறைக்கும். விமானம் ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

3. தேர்வில் வென்றாயிற்று. அதன் பிறகு? வாக்குவாதமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

1988 மே மாதத்துக்கு முன்னால் ஏ.பி.பி. கொடுத்த சான்றிதழுக்கு முடிவு தேதி கிடையாது. ஒரு முறை வென்றவர் ஆயுள் முழுவதும் சான்று பெற்றவர். அதன் பிறகு கொடுத்தவை காலவரையறை கொண்டவை. ஒரே மருத்துவமனையில், ஒரே வராண்டாவில், மூத்தவருக்கு ஒரு விதி, இளையவருக்கு ஒரு விதி. இந்தப் பாகுபாடு உண்டாக்கிய மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. சோதனை நோயாளியின் நலனுக்காக என்றால், கல்லூரியை விட்டு அதிக ஆண்டு ஆனவருக்கே அது முதலில் வேண்டும்.

2000க்குப் பிறகு எல்லாப் போர்டுகளும் சேர்ந்து மறுசான்று முறையை நாலு பகுதியாக விரித்தன. உரிமம் ஒழுங்காக இருப்பது முதல் பகுதி. தொடர்ந்து படித்துத் தன்னைத் தானே சோதித்துக்கொள்வது இரண்டாவது. மேற்பார்வையோடு எழுதும் தேர்வு மூன்றாவது. தன் கிளினிக்கில் சிகிச்சையின் தரத்தை அளந்து உயர்த்திக் காட்டுவது நாலாவது. 2010இல் ஏ.பி.பி. வகுத்த கணக்கின்படி ஐந்தாண்டுக்கு 100 புள்ளி சேர்க்க வேண்டும். அதில் குறைந்தது 40 இரண்டாம் பகுதியிலும், குறைந்தது 40 நாலாம் பகுதியிலும் வர வேண்டும். பத்தாண்டுக்கு ஒரு முறை தேர்வு மையத்துக்குப் போய்க் கணினி முன் அமர வேண்டியிருந்தது. இதற்குக் கட்டணம் ஐந்தாண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல்.

நாலாம் பகுதிதான் பலரை வெறுப்பேற்றியது. தடுப்பூசி போட்ட குழந்தைகளின் விகிதத்தைக் கணக்கெடுத்து, குறை கண்ட இடத்தைச் சரிசெய்து, மறுபடி கணக்கெடுப்பது நல்ல வேலைதான். இருபது மருத்துவர்களும் கணக்காளர்களும் உள்ள மருத்துவமனையில் அதைச் செய்துவிடலாம். ஓர் ஊரில் தனியாகக் கிளினிக் நடத்தும் பெண் மருத்துவர் மாலை ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு, இந்தப் படிவங்களை நிரப்ப உட்காரும்போது, இது யாருக்காக என்று கேட்பார். கேட்டார்கள்.

2015 ஜனவரியில் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்க்ரிப்ஸ் கிளினிக்கைச் சேர்ந்த இதய மருத்துவர் பால் டைர்ஸ்டைன் தலைமையில் என்.பி.பி.ஏ.எஸ். தோன்றியது. அடுத்த மாதமே, மிகப் பெரிய போர்டான உள்மருத்துவப் போர்டு, தன் மறுசான்று முறையில் தவறு நேர்ந்ததாகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில பகுதிகளை நிறுத்தி வைத்தது. அமெரிக்க மருத்துவ உலகில் இப்படி ஒரு போர்டு இறங்கி வந்தது பெரிய செய்தி.

என்.பி.பி.ஏ.எஸ். கேட்பது மிகக் குறைவு. பழைய சான்று இருக்க வேண்டும், உரிமம் செல்லுபடியாக வேண்டும், மருத்துவமனை உரிமைகள் பறிக்கப்பட்டிருக்கக் கூடாது, கடந்த இரண்டாண்டில் 50 மணி நேரம் அங்கீகாரம் பெற்ற தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும். தொடங்கியபோது இரண்டாண்டுக்குக் கட்டணம் 169 டாலர். தேர்வு கிடையாது.

4. இந்த உரையில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இது. ஐம்பது மணி நேரம் கேட்டவருக்கும் வினாவுக்குப் பதில் சொன்னவருக்கும் என்ன வேறுபாடு?

வேர்க்கடலையை எடுத்துக்கொள்வோம். 2000இல் அமெரிக்க அகாடமி, ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை தர வேண்டாம் என்று சொன்னது. அன்று ரெசிடென்சியில் இருந்தவர்கள் அதைப் படித்து, தேர்வெழுதி, ஆயிரக்கணக்கான தாய்மாருக்குச் சொன்னார்கள். ஆதாரம் போதவில்லை என்று 2008இல் அகாடமி அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த கிடியன் லாக் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ உள்ள, நாலு முதல் பதினோரு மாதம் வரையான 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சிறுவயதிலேயே வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மறு பாதிக்கு விலக்கினார்கள். தொடக்கத் தோல் பரிசோதனையில் எதிர்வினை இல்லாத குழந்தைகளை மட்டும் பார்த்தால், விலக்கியவர்களில் ஐந்து வயதில் 13.7 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை இருந்தது. கொடுத்தவர்களில் 1.9 சதவீதம். 2017இல் அறிவுரை தலைகீழாயிற்று. மிக அதிக ஆபத்துள்ள குழந்தைக்கு, முதலில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்து, நாலு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கச் சொன்னார்கள்.

பதினேழு ஆண்டுக்குள் ‘கொடுக்காதே’ என்பது ‘சீக்கிரம் கொடு’ என்று மாறிவிட்டது. இந்த மாற்றம் ஒரு மருத்துவரைச் சென்று சேர்ந்ததா என்பதை எப்படி அறிவது?

அவரையே கேட்டுப் பார்க்கலாம். அது உதவாது. 2006இல் டேவ் டேவிஸ் குழுவினர், மருத்துவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே போட்ட மதிப்பீட்டையும் வெளியாள் அளந்த மதிப்பீட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். 20 ஒப்பீடுகளில் 13இல் இரண்டுக்கும் சிறிதளவே உறவு இருந்தது, அல்லது உறவே இல்லை, அல்லது உறவு எதிர்மாறாக இருந்தது. திறமை மிகக் குறைந்தவர்களும், தன் மேல் நம்பிக்கை மிக அதிகமானவர்களுமே தங்களை மிகத் தவறாக மதிப்பிட்ட ஆய்வுகள் அவற்றில் உண்டு. அனுபவத்தை நம்பலாமே என்பீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு நிதீஷ் சௌத்ரி குழுவினர் 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பணிக்காலம் ஏற ஏறச் சிகிச்சையின் தரம் குறைந்ததையே பாதிக்கு மேற்பட்டவை காட்டின. இதைப் படித்து மூத்த மருத்துவர்கள் வருந்த வேண்டாம். அன்போடும் கைத்திறத்தோடும் குறைவில்லாமல் பார்க்கிறவர்கள்தான் அவர்கள். மாறியது புத்தகம். மாறியதை யாரும் அவர்களிடம் கேட்டுப் பார்க்கவில்லை.

தொடர்கல்வி மணி நேரம் இந்த இடைவெளியை அடைக்குமா? வார்டில் சிறப்பாக இயங்கும் மனிதர் கருத்தரங்கில் அமர்ந்து தமக்குப் பிடித்த தலைப்பைக் கேட்கிறார். இதயத்தில் ஆர்வமுள்ளவர் இதய அமர்வுக்கே போகிறார். வேர்க்கடலை அமர்வு பக்கத்து அறையில் நடக்கிறது. தனக்குத் தெரியாதது எது என்று தெரியாதவர் அதைத் தேடிப் போக வழியில்லை. நம் நாட்டு விதியையும் இதோடு வைத்துப் பாருங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறை ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி கேட்கிறது. நம் தமிழ்நாட்டிலும் பதிவைப் புதுப்பிக்க இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறோம். எத்தனை அரங்குகளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார்கள் என்பதை இந்த அவை அறியும்.

இனி மறு பக்கம். பத்தாண்டுக்கு ஒரு முறை தேர்வு மையத்தில் எழுதிய தேர்வை ஏ.பி.பி. மாற்றிவிட்டது. 2017இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 2019இலிருந்து எல்லாருக்குமாகக் கொண்டு வந்த முறைக்கு மோகா-பீட்ஸ் என்று பெயர். மூன்று மாதத்துக்கு இருபது வினா வரை. வீட்டிலிருந்தோ கிளினிக்கிலிருந்தோ கைப்பேசியிலேயே எழுதலாம். எந்தெந்தப் பொருளில் வினா வரும் என்பதை முன்பே அறிவித்துவிடுகிறார்கள். புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். இன்னொருவரைக் கேட்கக் கூடாது. ஒரு வினாவுக்கு ஐந்து நிமிடம்.

உண்மையான வினாவை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் நானாக ஒன்று அமைத்துச் சொல்கிறேன். திரையில் ஒரு பத்தி வருகிறது: ஐந்து மாதக் குழந்தை, கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கடுமையான எக்ஸிமா, முட்டையோ கடலையோ இதுவரை தந்ததில்லை. மூத்த பிள்ளைக்கு டாக்டர் மூன்று வயது வரை கடலை கூடாது என்றாராம், இவளுக்கு எப்போது தரலாம் என்று தாய் கேட்கிறாள். கீழே நாலு விடைகள். ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. பழைய பாடம் மனத்தில் நிற்பவர் மூன்று வயது என்பதைத் தட்டுவார். செய்தித்தாளில் அரைகுறையாகப் படித்தவர் ‘உடனே தரலாம்’ என்பதைத் தட்டுவார். முதலில் பரிசோதனை, அதன் முடிவைப் பொறுத்து இப்போதே தொடங்குவது என்பதுதான் சரி. விடையைத் தட்டியதும், எவ்வளவு உறுதியோடு சொன்னீர்கள், உங்கள் பணிக்கு இது எவ்வளவு தேவைப்படுகிறது என்றும் கேட்கிறார்கள். பிறகு உடனே சரியா தவறா என்று காட்டி, காரணத்தையும் படிக்க வேண்டிய கட்டுரையையும் தருகிறார்கள்.

உறுதியைக் கேட்கும் அந்த ஒரு வரிதான் இந்த முறையின் உயிர் என்பேன். முழு உறுதியோடு தவறான விடையைத் தட்டியவருக்கு அந்த மாலையில் நிகழ்வது எந்தக் கருத்தரங்கிலும் நிகழாது. தமக்குத் தெரியாதது இன்னது என்று தனிமையில், எவர் முன்னும் தலைகுனியாமல், அவர் தெரிந்துகொள்கிறார். மறுநாள் காலை அதே எக்ஸிமாவோடு ஒரு குழந்தை வந்தால் அதற்குச் சரியான பதில் கிடைக்கும்.

எனவே தொடரும் சான்றுக்கு ஏ.பி.பி. வழியை எடுங்கள், என்.பி.பி.ஏ.எஸ். மட்டும் போதும் என்று நின்றுவிடாதீர்கள் என்கிறேன். பழைய பத்தாண்டுத் தேர்வு நீடித்திருந்தால் இதே உறுதியோடு சொல்லியிருக்க மாட்டேன்.

5. மறு தரப்புக்கு உரியதைக் கொடுத்தாக வேண்டும். போட்டி அமைப்பு ஒன்று எழுந்திராவிட்டால், 2015இன் கொந்தளிப்பு நிகழ்ந்திராவிட்டால், ஏ.பி.பி. தன் தேர்வை இவ்வளவு விரைவில் மாற்றியிருக்குமா? மாற்றியிருக்காது என்றே நினைக்கிறேன். ஏ.பி.எம்.எஸ். ஓர் ஆணையம் அமைத்து, அது 2019 பிப்ரவரியில் மறுசான்று முறையைத் திருத்தச் சொல்லி அறிக்கை தந்ததும் அந்த அழுத்தத்தின் விளைவுதான்.

சட்டமன்றங்களும் இறங்கின. மறுசான்றை வேலைக்கும் உரிமத்துக்கும் நிபந்தனையாக்குவதற்கு எதிராக ஓக்லஹாமா 2016இல் சட்டம் இயற்றியது. டெக்சாஸ் 2017இல் மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தியது. மருத்துவமனையின் மருத்துவர்களே வாக்களித்துக் கேட்டுக்கொண்டால் விலக்கு உண்டு என்றும் வைத்தது. நீதிமன்றங்களில் மருத்துவர்கள் வெல்லவில்லை. முதல் சான்றையும் மறுசான்றையும் சேர்த்துக் கட்டி விற்பது ஏகபோகம் என்று உள்மருத்துவப் போர்டின் மேல் 2018இல் தொடுத்த வழக்கு, மேல்முறையீட்டிலும் 2021இல் தள்ளுபடியாயிற்று. கதிரியக்கப் போர்டின் மேல் தொடுத்ததும் 2022இல் அப்படியே முடிந்தது.

சட்டப்படி தோற்றாலும் இரண்டு குறைகள் உண்மையானவை. கட்டணம் ஒன்று. குழந்தை மருத்துவர்கள் அமெரிக்காவில் குறைந்த வருமானம் உள்ள சிறப்புத்துறையினருள் சேர்ந்தவர்கள், ஏழைக் குழந்தைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தை நம்பி நடக்கும் கிளினிக்குகள் ஏராளம். அவர்களிடம் போர்டு வாங்கும் தொகை இன்னும் இறங்கலாம், இறங்க வேண்டும். நாலாம் பகுதி மற்றொன்று. தனிக் கிளினிக் நடத்துவோருக்குப் பொருந்தும் சிறு வடிவங்கள் வந்திருக்கின்றன, போதவில்லை. அன்றாடம் செய்யும் தர வேலையையே கணக்கில் எடுத்துக்கொள்ளும் வழி இன்னும் எளிதாக வேண்டும். இவற்றுக்காகப் போராடுகிறவர்களோடு நானும் நிற்கிறேன். போராட்டத்தின் முடிவு ‘யாரும் எங்களைக் கேட்கக் கூடாது’ என்பதாக இருந்தால் மட்டும் நிற்க மாட்டேன்.

6. வழிகள் இரண்டாகப் பிரிந்த இன்னோர் இடமும் உண்டு. மருத்துவமனையிலேயே தங்கி, சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பார்ப்போரின் துறையை 2016இல் தனிப் பிரிவாக ஏற்றுக்கொண்டார்கள். முதல் தேர்வு 2019 நவம்பரில் நடந்தது. அதற்குள் நுழைய இரண்டாண்டு ஃபெலோஷிப் ஒரு வழி. ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களுக்குத் தற்காலிகமாகப் பணி வழி என்று ஒன்று வைத்தார்கள். நாலாண்டு பணி, ஆண்டுக்கு இத்தனை மணி நேரம், இடையில் நீண்ட இடைவெளி கூடாது என்று நிபந்தனைகள்.

அந்த இடைவெளி விதிதான் புண்ணாக்கியது. நாலாண்டில் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்றால், அந்தக் காலத்தில் இரண்டு பிள்ளை பெற்றவர் என்ன செய்வார்? குழந்தை மருத்துவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளை பெறுவதையே தொழிலில் இடைவெளி என்று குழந்தை மருத்துவப் போர்டு கணக்கிட்டதைப் பொறுக்க முடியவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு 2019இல் முறையிட்டார்கள். மறுக்கப்பட்டோரில் ஆண் பெண் விகித வேறுபாடு இல்லை என்று ஏ.பி.பி. பதில் சொன்னது. சொன்னாலும் இடைவெளி விதியை நீக்கியது. நீக்கியது சரி. விடுப்பில் இருந்த மாதங்களை எண்ணுவது மருத்துவரின் அறிவைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நாலாண்டு குழந்தைகளைப் பார்த்து, பிறகு அதே தேர்வில் அமர்ந்து வெல்லும் ஒருத்தியை ஃபெலோஷிப் முடித்தவருக்குக் கீழாக எண்ண எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்தப் பணி வழி 2019, 2021, 2023 தேர்வுகளோடு மூடப்பட்டது. இனி ஃபெலோஷிப் ஒன்றே. குறைந்த சம்பளத்தில் இன்னும் இரண்டாண்டு. குடும்பச் சுமை உள்ளவர்களும் வெளிநாட்டு விசாவில் இருப்பவர்களும் இதனால் ஒதுங்குவார்கள். பயிற்சியின் ஆண்டுகளை நீட்டுவதைவிட, தேர்வை எல்லாருக்கும் ஒன்றாக வைத்து, வரும் பாதைகளைப் பலவாகத் திறந்து வைக்கலாம் என்பது என் கருத்து. இந்தத் தனிச்சான்று இல்லாமலும் பொதுக் குழந்தை மருத்துவச் சான்றோடு வார்டில் பணியாற்ற விதி தடையில்லை என்பதை அங்கே போகும் இளையவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

7. கடைசியாக, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் செய்ய வேண்டியது. மருத்துவமனைக்கு மருத்துவர் குழுவின் விதித் தொகுப்பு ஒன்று இருக்கும், அங்கே அதை பைலாஸ் என்பார்கள். வேலைக்கு அழைத்தவரின் வாய்ச்சொல்லோடு நின்றுவிடாமல் அந்தத் தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்தப் போர்டின் பெயர் அதில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கீகாரம் அளிக்கும் ஜாயின்ட் கமிஷன் போன்ற அமைப்புகளின் விதிகளுக்குத் தன் சான்று பொருந்துவதாக என்.பி.பி.ஏ.எஸ். 2022இல் அறிவித்தது உண்மை. அது ஒரு மருத்துவமனைக்கு அனுமதி தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் மருத்துவமனையின் தொகுப்பில் அந்தப் பெயர் இல்லையென்றால் இல்லைதான். ரெசிடென்சி முடித்து எத்தனை ஆண்டுக்குள் முதல் சான்று பெற வேண்டும், மறுசான்று தவறினால் எத்தனை மாத அவகாசம், அந்த மாநிலத்தில் இதைப் பற்றிச் சட்டம் இருக்கிறதா, உங்கள் நோயாளிகளில் அதிகம் பேரை வைத்திருக்கும் காப்பீட்டு நிறுவனம் எதைக் கேட்கிறது என்பவற்றையும் எழுத்தில் பெறுங்கள்.

ஏ.பி.பி. சான்று நடப்பில் இருக்கும்போதே என்.பி.பி.ஏ.எஸ். சான்றையும் கூடவே எடுத்துக்கொள்வோர் உண்டு. நாலாம் பகுதிப் புள்ளிகளில் தடுமாறும் ஆண்டில் அது ஒரு காப்பாக இருக்கும் என்கிறார்கள். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அப்படி எடுப்பவரும் காலாண்டு வினாக்களை விடாமல் எழுதிக்கொண்டே இருக்கட்டும். பணி ஓய்வை நெருங்கி, வாரம் இரண்டு நாள் இலவசக் கிளினிக்கில் மட்டும் பார்க்கும் மூத்தவர் நாலாம் பகுதிச் சுமையைத் தாங்க முடியாமல் அந்தப் பக்கம் போனால், அதையும் புரிந்துகொள்கிறேன். ரெசிடென்சி முடித்து வெளியே வரும் முப்பது வயதுக்காரருக்கு முன்னால் முப்பத்தைந்தாண்டுப் பணி இருக்கிறது. அவர் இன்று படித்ததில் எது வேர்க்கடலையைப் போல் தலைகீழாகும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அவர் மூன்று மாதத்துக்கு இருபது வினாவை ஏற்றுக்கொள்ளட்டும்.